மூன்று வெற்றிகள் குறைவு: பிராடென்டன் பயணக் குறிப்புகள்

பிப்ரவரி 14, 2013, வியாழன் இரவு, பிட்ஸ்பர்க்

நாளை விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்படுகிறோம், நானும் என் பதிமூன்று வயது மகளும். போகும் இடம் ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில் உள்ள பிராடென்டன். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணி 1969 முதல் ஒவ்வொரு பிப்ரவரியிலும் பயிற்சிக்குப் போய் இறங்கும் ஊர். காரில் ஆயிரம் மைலுக்குச் சற்று மேல். நாங்கள் போகும்போது ஆட்டங்கள்கூடத் தொடங்கியிருக்காது. வீரர்கள் பந்தை எறிவார்கள், பிடிப்பார்கள், வரிசையாக நின்று ஓடுவார்கள். அதைக் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கத்தான் இவ்வளவு தூரம்.

"இதற்குப் பெயர் பக்தியா, பைத்தியமா?" என்று மனைவி கேட்டாள். பதில் சொல்லாமல் பென் ஹில்ஸ் கோவிலுக்குப் போய் வழிக்குப் புளியோதரை வாங்கிவந்தேன். 1976-இல் எழுந்த வெங்கடேசுவரர் கோவில் அது. அங்கே பெருமாளுக்கு இருப்பது போலவே புளியோதரைக்கும் தனியாகப் பக்தர்கள் உண்டு.

இந்த விளையாட்டைப் பார்த்துப் பழகாதவர்களுக்காகக் கொஞ்சம் கணக்கு. ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்கள். சரிபாதி 81. அதற்கு மேல் ஒன்று வென்றால், அதாவது 82, அந்த ஆண்டு தலை நிமிர்ந்து நடக்கலாம். பைரேட்ஸ் கடைசியாக அப்படி நடந்தது 1992-இல். அதன் பிறகு தொடர்ந்து இருபது ஆண்டுகள் தோல்விப் பருவங்கள். வட அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டில் வேறு எந்த அணியும் இவ்வளவு நீளமாகத் தோற்றதில்லை.

நான் மேற்படிப்புக்கு இந்த ஊரில் வந்து இறங்கியது 1993 ஆகஸ்டில். யாராவது கேட்டால் "தொண்ணூறுகளின் தொடக்கத்தில்" என்று மழுப்பிவிடுவேன். கால் வைத்த ராசி பற்றி அமெரிக்கர்களுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். பேஸ்பால் ரசிகனைவிட ராசி பார்ப்பவன் நம் ஊரிலும் கிடையாது.

சென்ற ஆண்டு ஆகஸ்ட் 8 அன்று எங்கள் கணக்கு 63 வெற்றி, 47 தோல்வி. அண்டை வீட்டுக்காரர்கள் என்னிடம் வாய்விட்டுச் சிரித்துப் பேசினார்கள். மீதமிருந்த 52 ஆட்டங்களில் பதினாறை மட்டும் வென்றோம். முடிவு 79-83. கையில் இருந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகும் வழியில் சிந்திய கதை.

ஆக இந்த ஆண்டு எனக்கு வேண்டியது கோப்பை அல்ல. 79-இலிருந்து 82. மூன்றே மூன்று வெற்றிகள். அவை இந்த அணியில் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று பயணம் முழுவதும் தேடப்போகிறோம். மகள் ஒரு கோடு போட்ட நோட்டில் முதல் வரியில் 79 என்று எழுதி வைத்திருக்கிறாள். இருவரும் ஒப்புக்கொண்டால் மட்டுமே ஒரு எண்ணைக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும் என்பது அவள் விதி. எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது. அவள் பள்ளியின் சாஃப்ட்பால் அணியில் கேட்சர், அதாவது பந்து எறிபவருக்கு எதிரே குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவள். கேட்சர்களுக்கு நம்பிக்கை என்பதே கிடையாது.

பிப்ரவரி 15, வெள்ளி, கொலம்பியா, தென் கரோலினா

மேற்கு வர்ஜீனியாவில் குறுக்குவழி ஒன்று உண்டு. சட்டன் அருகே ஐ-79 நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்து யூ.எஸ். 19 சாலையில் போனால் நேரம் மிச்சமாகும். ஆனால் நான் சார்ல்ஸ்டன் வழியே போக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். காரணம் அங்கே இருக்கும் சிறிய பேஸ்பால் மைதானம்.

இங்கே ஒரு பெரிய அணிக்குக் கீழே படிப்படியாகப் பல சிறிய அணிகள் உண்டு. ஆங்கிலத்தில் பண்ணை என்பார்கள். நாற்றங்கால் என்று சொன்னால் நமக்கு எளிதில் விளங்கும். சார்ல்ஸ்டனில் ஆடும் வெஸ்ட் வர்ஜீனியா பவர் எங்கள் நாற்றங்கால்களில் ஒன்று. பிப்ரவரியில் பூட்டித்தான் இருக்கும் என்று தெரியும். கதவுக் கம்பிகளின் வழியே வெறும் நாற்காலிகளைப் பார்த்தோம், அவ்வளவுதான். கோடையில் இங்கே ஒரு ரசிகர் ரொட்டி வாட்டும் மின் கருவியோடு வந்து உட்கார்ந்திருப்பார். எதிரணி ஆட்டக்காரர் மூன்று பந்துகளைக் கோட்டைவிட்டு ஸ்ட்ரைக் அவுட் ஆனதும் வாட்டிய ரொட்டித் துண்டுகளைக் கூட்டத்தில் வீசுவார். மகளுக்கு அந்த நாற்காலியைப் பார்க்க வேண்டும். எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

சென்ற ஆண்டு இந்தப் புல்தரையில் கிரெகரி பொலாங்கோ என்ற நெட்டையான டொமினிக்கன் இளைஞர் .325 சராசரியில் அடித்தார், அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 325 ஹிட் என்ற வீதம். 16 ஹோம் ரன் (பந்தைச் சுவருக்கு வெளியே அடிப்பது), 40 பேஸ் திருட்டு (ரன்னுக்காகச் சுற்றிவர வேண்டிய மூலைகளான பேஸ்களில் அடுத்ததற்கு, யாரும் அடிக்காமலே ஓடிவிடுவது). அதே அணியில் பந்து எறிந்த இன்னொருவர் ரிங்கு சிங். உத்தரப் பிரதேசத்துக்காரர். ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர். இந்தியாவில் நடந்த ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் தேர்வாகி, தினேஷ் படேலோடு சேர்ந்து 2008 நவம்பரில் பைரேட்ஸ் நிறுவனத்தில் ஒப்பந்தமானார். 2009 ஜூலை 4 அன்று அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் ஆட்டத்தில் இறங்கிய முதல் இந்தியர்கள் இவர்கள் இருவரும். தினேஷ் ஊர் திரும்பிவிட்டார், ரிங்கு விடவில்லை. பேஸ்பால் பந்தைக் கண்ணால் பார்த்திராத ஒருவர் நான்கே ஆண்டுகளில் இந்தப் படிவரை ஏறியதை இந்தியப் பத்திரிகைகள் வேடிக்கைச் செய்தியாக எழுதி முடித்துவிட்டன. நான் அப்படிப் பார்க்கவில்லை. இங்கிருந்து மேலே இன்னும் மூன்று படிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் பாதிப் பேர் உதிர்வார்கள்.

"பொலாங்கோவுக்கு எத்தனை போடலாம்?" என்றேன்.

"சுழியம். அவர் இந்த ஆண்டு வர மாட்டார் அப்பா."

நாற்றைப் பார்த்து நெல் அளக்கும் தவறை இருபது ஆண்டுகளாகச் செய்திருக்கிறேன். ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு புதிய பையன் வருவான், அவன்தான் மீட்பர் என்பார்கள், மூன்று ஆண்டில் அவன் பெயர் மறந்துவிடும். சுழியத்துக்கு ஒப்புக்கொண்டேன்.

அதன் பிறகு டர்ன்பைக் சாலை. மூன்று சுங்கச் சாவடிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு டாலர். மலையைக் குடைந்த இரண்டு நீண்ட சுரங்கங்கள். வர்ஜீனியாவில் இறங்கும்போது சாலையோரப் பனி மறைந்துவிட்டது. புளியோதரையை வட கரோலினாவின் ஓர் ஓய்விடத்தில் காலி செய்தோம்.

மாலையில் ஒரு சண்டை. ஆட்டத்தின் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் வந்து பந்து எறிந்து வெற்றியைப் பூட்டி வைப்பவரை க்ளோஸர் என்பார்கள். எங்கள் க்ளோஸர் ஜோயல் ஹன்ரஹன். 2011-இல் 40 ஆட்டங்களையும் சென்ற ஆண்டு 36 ஆட்டங்களையும் காப்பாற்றிக் கொடுத்தவர். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவரை பாஸ்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். பதிலுக்கு வந்தவர்களில் பெயர் சொல்லத்தக்கவர் மார்க் மெலான்சன் ஒருவர்தான். அவர் சென்ற ஆண்டு பாஸ்டனில் ஒன்பது இன்னிங்ஸுக்கு 6.20 ரன் வீதம் கொடுத்தவர். ஹன்ரஹன் இடத்தில் நிற்கப்போவது ஜேசன் கிரில்லி. வயது 36. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறோர் அணியின் நாற்றங்காலில் கிடந்தவர்.

மகள் கிரில்லியின் பக்கம். 58 இன்னிங்ஸ் சொச்சத்தில் 90 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்திருக்கிறார் என்கிறாள். உண்மைதான். எட்டாவது இன்னிங்ஸும் ஒன்பதாவதும் ஒன்றல்ல என்கிறேன் நான். மூன்று பேரை வெளியேற்றுவதுதானே, இரண்டும் ஒன்றுதான் என்கிறாள். முப்பது மைல் இப்படியே போனது. கடைசியில் ஹன்ரஹன் போன கணக்கில் ஒன்றைக் கழித்தோம். 78.

தங்கியிருக்கும் விடுதியில் வெந்நீர் வரவில்லை. கேட்டதற்கு "காலையில் வரும்" என்றார்கள்.

பிப்ரவரி 16, சனி, பிராடென்டன்

காலையிலும் வரவில்லை.

ஐ-95 போல் சலிப்பூட்டும் சாலை உலகில் இல்லை. பைன் மரம், பாலம், பைன் மரம், பட்டாசுக் கடை விளம்பரம். பேசுவதற்கு ஏற்ற சாலை. பந்து எறியும் பிட்சர்களை எடுத்துக்கொண்டோம்.

முதல் ஆள் ஏ.ஜே. பர்னெட். சென்ற ஆண்டு 16 வெற்றி. நியூயார்க் யாங்கீஸ் அவரைத் தள்ளிவிட்டதோடு நில்லாமல் சம்பளத்தின் பெரும்பகுதியையும் தாங்களே கட்டுகிறார்கள். வந்த சில நாட்களிலேயே, இதே பிராடென்டன் முகாமில், பேட்டைக் குறுக்கே வைத்துப் பந்தைத் தட்டும் பயிற்சியில் பந்து தெறித்து அவர் கண்ணுக்குக் கீழே எலும்பு முறிந்தது. இங்கே எல்லாமே அப்படித்தான் தொடங்கும் என்று அன்றைக்கு நினைத்தேன். ஆனால் குணமாகி வந்து அந்த அணியையே தோளில் தூக்கினார். இப்போது வயது 36. மறுபடி பதினாறா? கூட்ட வேண்டாம், கழிக்கவும் வேண்டாம்.

அடுத்து ஜேம்ஸ் மெக்டொனால்ட். இவரைப் பற்றிப் பேசினால் எனக்கு மூச்சு முட்டும். சென்ற ஆண்டு முதல் பாதியில் 9 வெற்றி, 3 தோல்வி, ஒன்பது இன்னிங்ஸுக்கு 2.37 ரன். நாட்டின் சிறந்த பிட்சர்களில் ஒருவர் என்று நாங்கள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தோம். இரண்டாம் பாதியில் ஒன்பது இன்னிங்ஸுக்கு ஏழு ரன்னுக்கு மேல். அதே கை, அதே பந்து. இதில் எந்த மெக்டொனால்ட் ஏப்ரலில் வரப்போகிறார் என்பது அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். சுழியம்.

வாண்டி ரோட்ரிகஸ் சென்ற ஜூலையில்தான் ஹூஸ்டனிலிருந்து வந்தார். பாதிப் பருவத்துக்குப் பதில் முழுப் பருவம் கிடைக்கப்போகிறது. சத்தமில்லாமல் வேலை செய்யும் குமாஸ்தா மாதிரி ஆள். இவருக்கு ஒன்று கூட்ட இருவருக்கும் தடையில்லை. 79.

சிக்கல் ஃபிரான்சிஸ்கோ லிரியானோவில் வந்தது. இடதுகைப் பிட்சர். ஒரு காலத்தில் இவர் பந்து வளைவதைப் பார்த்து நல்ல ஆட்டக்காரர்களே சிரித்திருக்கிறார்கள். அப்புறம் அந்த வித்தை எங்கோ தொலைந்துவிட்டது. டிசம்பரில் இரண்டு ஆண்டுகளுக்கு 12.75 மில்லியன் டாலர் என்று பேசி முடித்தார்கள். கையெழுத்தாகும் முன்பே அவர் வலது கை முறிந்துவிட்டது. எறிவது இடது கை என்றாலும் ஒப்பந்தத்தைப் பிரித்து எழுதிவிட்டார்கள். இப்போது உறுதியான தொகை ஒரு மில்லியன் மட்டும், மீதி எல்லாம் ஆடினால்தான். கடந்த வாரம்தான் கையெழுத்தானது.

எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருக்கிறது. ஏழை அணி இப்படித்தான் வாங்க வேண்டும். சந்தை முடியும் நேரத்தில் போய், கொஞ்சம் அடிபட்ட மாம்பழத்தைப் பொறுக்கி விலை பேசுவது. அழுகிய பக்கத்தைச் சீவிவிட்டால் உள்ளே தேன் இருக்கலாம். ஒன்று கூட்டு என்றேன்.

"உள்ளே புழு இருந்தால்?"

எழுத மறுத்துவிட்டாள். அரையாவது போடு என்றேன். அரை வெற்றி என்று ஒன்று கிடையாது என்றாள். பெயரை மட்டும் பென்சிலால் எழுதி வட்டமிட்டு வைத்திருக்கிறாள்.

ஆர்லாண்டோ தாண்டி ஐ-4-இல் லேக்லாந்து வந்தது. டெட்ராய்ட் டைகர்ஸ் 1934 முதல் முகாமிடும் ஊர். அதற்கு அடுத்து பிளான்ட் சிட்டி, ஸ்ட்ராபெர்ரிக்குப் பெயர் போனது. சாலையோரத்தில் ஒரு தட்டு வாங்கினோம். பிட்ஸ்பர்க்கில் பிப்ரவரியில் கிடைப்பது ஸ்ட்ராபெர்ரி அல்ல என்பது முதல் கடியிலேயே புரிந்தது.

இருட்டுகிற நேரத்தில் பிராடென்டன். டிராபிகானா நிறுவனம் 1947-இல் தொடங்கிய ஊர் இது. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் ஆரஞ்சுத் தோல் காய்ச்சுகிற மாதிரி ஒரு வாசனை வருகிறது. வெந்நீரும் வருகிறது.

பிப்ரவரி 17, ஞாயிறு, பைரேட் சிட்டி

பைரேட்ஸின் பயிற்சி வளாகம்தான் பைரேட் சிட்டி. அங்கே போகும் ரொபெர்ட்டோ கிளெமென்ட்டே நினைவுச் சாலையில் திரும்பியதும் மகள் காரின் கண்ணாடியை இறக்கிவிட்டாள். வெயில் இருக்கிறது, ஆனால் காற்று சில்லென்று அடிக்கிறது. அனுமதிச் சீட்டு கிடையாது. யாரும் எதுவும் கேட்பதில்லை. வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போனால், பூப்போல விரிந்த நான்கு மைதானங்களுக்கு நடுவே நிற்கிறோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் பந்து கையுறையில் விழும் சத்தம். வீரர்கள் ஒரு மைதானத்திலிருந்து இன்னொன்றுக்கு நம்மை உரசிக்கொண்டு நடந்து போகிறார்கள்.

எங்கள் அணியின் புகழ்பெற்ற போர்ட்டோ ரிக்கோ வீரர் கிளெமென்ட்டே இந்த இடத்தில் நான்கு வசந்தங்கள்தான் பயிற்சி செய்தார். அதற்கு முன் அணி முகாமிட்டது ஃபோர்ட் மையர்ஸில். அங்கே கறுப்பு வீரர்களும் அவரும் வெள்ளை வீரர்களோடு ஒரே விடுதியில் தங்க முடியாது, வழியில் உணவகத்துக்குள் நுழைய முடியாது. மற்றவர்கள் சாப்பிட்டு வரும்வரை பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்க மாட்டேன் என்று சண்டை போட்டுத் தனி வண்டி கேட்டு வாங்கியவர் அவர். 1972 டிசம்பர் 31 இரவு, நிகராகுவா பூகம்பத்துக்கு உதவிப் பொருள் ஏற்றிப்போன விமானம் கடலில் விழுந்து இறந்தார். அப்போது அவர் கணக்கில் சரியாக 3,000 ஹிட்கள் இருந்தன. பிட்ஸ்பர்க்கில் அவர் பெயரில் பாலம் இருக்கிறது. ஸ்டேடியத்தின் வலப்பக்கச் சுவர் அவர் சட்டை எண்ணுக்காக 21 அடி உயரம்.

மகள் அதற்கெல்லாம் நிற்கவில்லை. நேராக பிட்சர்கள் பயிற்சி எறியும் இடத்துக்குப் போய்விட்டாள். அவள் பார்க்க வந்தது ஒரே ஒருவரை: ரஸ்ஸல் மார்ட்டின்.

இந்தக் குளிர்காலத்தில் எங்கள் நிர்வாகம் செய்த பெரிய செலவு இவர்தான். இரண்டு ஆண்டு, 17 மில்லியன் டாலர். கனடாக்காரர், கேட்சர். சென்ற ஆண்டு யாங்கீஸ் அணியில் 21 ஹோம் ரன் அடித்தார், ஆனால் சராசரி .211. எங்கள் ஊர் வானொலியில் இரண்டு மாதமாக அந்த .211-ஐ வைத்தே ஒப்பாரி. போதாததற்கு, எங்கள் ஸ்டேடியத்தின் இடப்பக்க மையத்தில் சுவர் 410 அடி தூரம். வலதுகை ஆட்டக்காரர்களுக்கு அது கிணறு. யாங்கீ ஸ்டேடியத்தில் வெளியே போன பந்து இங்கே பிடிபடும் என்கிறார்கள்.

எனக்கு அந்தக் கவலை இல்லை, ஏனென்றால் எனக்கு வேறோர் எண் மனப்பாடம். சென்ற ஆண்டு எங்கள் முதன்மை கேட்சர் ராட் பராஹாஸ். அவருக்கு எதிராகப் பேஸ் திருட ஓடியவர்கள் 99 பேர். பிடிபட்டவர்கள் ஆறு பேர். ஆறு! வீட்டைத் திறந்துபோட்டுவிட்டு ஊருக்குப் போனால்கூட இதைவிட அதிகம் திருடர்கள் பிடிபடுவார்கள்.

"அது பராஹாஸ் தப்பு மட்டும் இல்லை" என்றாள் மகள், வேலியிலிருந்து கண்ணை எடுக்காமல். ஹோம் பேஸிலிருந்து இரண்டாம் பேஸ் 127 அடி. பந்து கேட்சர் கையுறையில் பட்டதிலிருந்து அங்கே போய்ச் சேர இரண்டு விநாடி. அதில் யாரும் பெரிதாகக் குறைக்க முடியாது. பிட்சர் காலைத் தூக்கி எறிந்து முடிக்க 1.3 விநாடி எடுத்தால் திருடனைப் பிடிக்கலாம். ஒன்றரைக்கு மேல் போனால் கேட்சர் கடவுளாக இருந்தாலும் முடியாது. எங்கள் பிட்சர்கள் சென்ற ஆண்டு ஓட்டக்காரன் என்று ஒருவன் இருப்பதையே கண்டுகொள்ளவில்லை. "உங்களுக்கு அதெல்லாம் டிவியில் தெரியாது அப்பா."

தெரியவில்லைதான். இருபது ஆண்டுகளாகக் கேட்சர்களையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மார்ட்டின் குந்தி உட்கார்ந்து பந்து வாங்கிக்கொண்டிருந்தார். நான் பந்தைப் பார்த்தேன். அவள் அவர் இடது மணிக்கட்டைப் பார்க்கச் சொன்னாள். வெளிப்பக்கம் நழுவுகிற பந்தைப் பிடிக்கும்போது பெரும்பாலோர் கையுறை பந்தோடு சேர்ந்து போகும். இவர் கை பந்து வருவதற்கு முன்பே அங்கே காத்திருந்து, வாங்கி, ஒரு விரல்கடை உள்ளே இழுத்து, அப்படியே நின்றுவிடுகிறது. நடுவர் கண்ணுக்கு அது ஸ்ட்ரைக், அதாவது அடித்திருக்க வேண்டிய பந்து. ஆட்டத்துக்கு இரண்டு மூன்று பந்து இப்படிக் கிடைத்தால் பருவம் முழுவதும் எவ்வளவு என்று கேட்டாள். கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் இந்த மனிதர் ஆடிய ஏழு பருவங்களில் ஐந்தில் அவருடைய அணி பிளேஆஃப் என்ற கோப்பைச் சுற்றுக்குப் போயிருக்கிறது. அதை வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ள எனக்கு மனமில்லை.

எங்கள் அருகில் ஒரு முதியவர் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எஃகு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குளிர்காலத்துக்கு இங்கே வந்துவிடுகிறார். 1960-இல் எங்கள் அணியின் மஸரோஸ்கி கடைசி இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து யாங்கீஸைச் சாய்த்த நாளில் அவருக்கு வயது பன்னிரண்டு. மகளைப் பார்த்து, "கேட்சரா நீ? உட்காருகிற விதத்திலேயே தெரிகிறது" என்றார். அவள் அறியாமலே வேலியோரம் குந்தி உட்கார்ந்திருந்தாள்.

பேச்சு 1992-க்குப் போனது. பிட்ஸ்பர்க்காரர்களோடு பேசினால் எப்படியும் அங்கேதான் போகும். அட்லாண்டா, ஏழாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது 2-0 என்று முன்னிலை. வென்றால் உலகத் தொடர் என்ற இறுதிப் போட்டி. கடைசிப் பந்தில் இரண்டாம் பேஸிலிருந்து ஓடி வந்தவர் சிட் பிரீம். முன்பு எங்கள் அணியிலேயே ஆடியவர், முழங்காலில் கத்தி வைத்துக் கத்தி வைத்து ஓட முடியாமல் ஓடுகிற மனிதர். எங்கள் நட்சத்திரம் பாரி பாண்ட்ஸ் இடப்பக்கத்திலிருந்து எறிந்தார். கேட்சர் பந்தை வாங்கித் திரும்பித் தொடுவதற்குள் பிரீமின் கால் வந்துவிட்டது. 3-2. அந்தக் குளிர்காலத்தில் பாண்ட்ஸ் வேறு அணிக்குப் போனார். "அன்றிலிருந்து அட்லாண்டா வழியாக நான் கார் ஓட்டுவதில்லை" என்றார் முதியவர். நாங்களும் வேறு வழியில்தான் வந்தோம் என்றேன். மகிழ்ந்துபோனார். "நீங்கள் எந்த ஆண்டு பிட்ஸ்பர்க் வந்தீர்கள்?"

"தொண்ணூறுகளின்..."

"1993" என்றாள் மகள்.

முதியவர் என்னை நெடுநேரம் பார்த்தார். "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்றார்.

இரவு விடுதியில் கணக்குப் போட்டோம். நூற்றுக்கு ஆறு பேருக்குப் பதில் நான்கில் ஒருவரைப் பிடித்தால் கூடுதலாகப் பத்தொன்பது பேர் வெளியேறுவார்கள். ஒருவர் திருடித் தப்புவதற்கும் பிடிபடுவதற்கும் இடையே அரை ரன்னுக்குச் சற்று மேல் வித்தியாசம். ஆகப் பத்துப் பன்னிரண்டு ரன். பத்து ரன்னுக்கு ஒரு வெற்றி என்பது இந்த விளையாட்டில் பழைய வாய்ப்பாடு. மார்ட்டினுக்கு ஒன்று. 80. மணிக்கட்டு வித்தைக்குத் தனியாக ஒன்று கேட்டேன். அவளுக்கும் ஆசைதான், முகத்தில் தெரிந்தது. ஆனாலும் எழுதவில்லை.

பிப்ரவரி 18, திங்கள், மக்கெக்னி ஃபீல்ட்

காலையில் மறுபடி பைரேட் சிட்டி, இம்முறை பேட்டிங் பார்க்க.

பெட்ரோ அல்வரேஸ் அடிக்கும் சத்தம் தனி. மற்றவர்கள் அடித்தால் மரச் சத்தம், இவர் அடித்தால் எங்கோ கதவை அறைந்து சாத்தியதுபோல. சென்ற ஆண்டு 30 ஹோம் ரன், 180 ஸ்ட்ரைக் அவுட். செயின்ட் லூயிஸில் 19 இன்னிங்ஸ் நீண்ட ஆட்டத்தில் ஒரே அடியில் சமநிலையை உடைத்தவர். அடுத்த வாரமே தொடர்ந்து காற்றை வெட்டிக்கொண்டிருப்பார். திருத்த முயலக் கூடாது, அப்படியே விட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி. சுழியம்.

ஸ்டார்லிங் மார்டே சென்ற ஜூலை 26 அன்று பெரிய அணியில் தான் சந்தித்த முதல் பந்தையே ஹோம் ரன் அடித்தவர். இந்த ஆண்டு முழுப் பருவமும் இடப்பக்கம் அவருடையது. அங்கே பரப்பு அதிகம், அவர் கால்களும் வேகம். ஒன்று. 81. நீல் வாக்கர் உள்ளூர்ப் பையன், முதுகு பிடித்துக்கொள்ளாமல் இருந்தால் போதும். பார்ம்ஸ் நன்றாகப் பிடிப்பார், .229 அடிப்பார், அதைப் பேசி என்ன ஆகப்போகிறது. முதல் பேஸில் ஜோன்ஸும் சான்செஸும் மாறி மாறி. வலப்பக்கத்துக்கு மூன்று பேர் அடித்துக்கொள்கிறார்கள், மூவரையும் சேர்த்தால் ஒருவர் தேறுவார்.

கடைசியாக ஆண்ட்ரூ மக்கட்சன். சென்ற ஆண்டு .327, 31 ஹோம் ரன், சிறந்த தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருது. சடைமுடி ஆட ஓடி வந்து நிற்கும்போது மைதானத்தில் மற்றவர்கள் மங்கிவிடுகிறார்கள். சென்ற மார்ச்சில் ஆறு ஆண்டுக்கு 51.5 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு இங்கேயே இருக்க ஒப்புக்கொண்டார். பாண்ட்ஸ் போனதைப் பார்த்த ஊருக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது.

"மைனஸ் ஒன்று" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னதில் நியாயம் இருந்ததால் வந்த கோபம். .327 ஆண்டுதோறும் கிடைக்காது. யாருக்குமே கிடைக்காது. அவர் அப்படியே நன்றாக ஆடினாலும் கொஞ்சம் இறங்கித்தான் ஆக வேண்டும். முடியாது என்றேன். பென்சில் வட்டத்துக்குள் லிரியானோ அருகில் மக்கட்சனும் போய்ச் சேர்ந்தார்.

நண்பகலில் மக்கெக்னி ஃபீல்டைப் பார்த்தோம். 1923-இல் கட்டிய மைதானம். இந்த ஊரில் வாழ்ந்த பில் மக்கெக்னியின் பெயர். அவர் மேலாளராக இருந்துதான் பைரேட்ஸ் 1925-இல் உலகத் தொடரை வென்றது. இரவு விளக்குகளே 2008-இல்தான் வந்தன. இப்போது மைதானத்தைச் சுற்றி மரப் பலகை நடைபாதை போட்டுப் புதுப்பித்திருக்கிறார்கள், வெளிச்சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டே ஆட்டம் பார்க்கலாம். எனக்குப் பழைய முகப்பின் வெள்ளைச் சுவர் போதும்.

கையெழுத்து வாங்கும் முயற்சி படுதோல்வி. மார்ட்டின் எங்கள் பக்கம் வரவே இல்லை. மகளின் பந்தில் கையெழுத்துப் போட்டவர் சட்டை எண் தொண்ணூறுகளில் இருந்த ஓர் இளைஞர். யார் என்று இருவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. அவள் அந்தப் பந்தைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறாள்.

இரண்டு மணிக்குப் புறப்பட்டோம்.

பிப்ரவரி 19, செவ்வாய், வழியில்

இம்முறை யூ.எஸ். 19 குறுக்குவழி. நியூ ரிவர் பாலத்தில் வண்டியை ஓரங்கட்ட முடியாது. கீழே 876 அடியில் ஆறு என்பது தெரிந்ததும் பேச்சு நின்றுவிட்டது. பாலம் முடிந்ததும் அவளே ஆரம்பித்தாள்.

"நான் லிரியானோவுக்கு ஒன்று போடுகிறேன். நீங்கள் மக்கட்சனுக்கு ஒன்று கழிக்க ஒப்புக்கொள்ளுங்கள்."

ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிறாள். எங்கள் நிர்வாகத்தில் வேலைக்கு வைக்கலாம். இருபது மைல் யோசித்துவிட்டுச் சரி என்றேன். கூட்டிக் கழித்தால் மறுபடி 81.

"81-81 என்றால் தோல்விப் பருவம் இல்லையே? இருபது ஆண்டுத் தொடர் அறுந்துவிடும்" என்றாள்.

"வெற்றிப் பருவமும் இல்லை."

"அறுந்ததா, இல்லையா?"

"பாதி அறுந்தது."

"அரை வெற்றி கிடையாது என்று சொன்னேனே."

மார்கன்டவுன் தாண்டியதும் எனக்கு கெரிட் கோல் நினைவுக்கு வந்தார். 2011-இல் அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது நாட்டிலேயே முதலாவதாகத் தேர்வான பிட்சர், கையெழுத்துக்கே எட்டு மில்லியன் டாலர். நேற்று முன்தினம் பார்த்தோம். அவர் எறிந்தபோது கையுறைச் சத்தத்துக்கு மற்ற வேலியிலிருந்தவர்களும் திரும்பினார்கள். நாற்றங்காலில் இருப்பவருக்குச் சுழியம் என்பதுதான் முதல் நாள் தீர்ப்பு. ஆனால் இவர் நாற்று அல்ல, கதிர் விட்டாயிற்று.

அவள் யோசித்தாள். "ஏப்ரலில் வருவாரா?"

வர மாட்டார். இந்த விளையாட்டின் சம்பள விதிகள் அப்படி. இளம் வீரரை ஜூன் வரை கீழேயே வைத்திருந்தால் பின்னாளில் அணிக்குப் பல மில்லியன் மிச்சம். எல்லா அணிகளும் செய்வதுதான், பணமில்லாத அணி கட்டாயம் செய்யும். இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தபோது ஃபோர்ட் பிட் சுரங்கம் வந்துவிட்டது. அந்தச் சுரங்கத்தின் மறுமுனையில் ஊர் சட்டென்று முழுதாக முன்னால் வந்து நிற்கும். இருபது ஆண்டாகியும் எனக்கு அது பழகவில்லை. இடப்பக்கம் ஆற்றுக்கு அப்பால் ஸ்டேடியம் இருட்டாகக் கிடந்தது.

கோல் பெயரை எழுதி எதிரே இடம் விட்டிருக்கிறாள். பென்சில் நோட்டுக்குள்ளேயே இருக்கிறது.